ஹஜ் டைரி ஏலத்துக்கு வந்த கதை: மால்கம் எக்ஸும் அவர் விட்டுச்சென்ற காகிதங்களும்

மால்கம் எக்ஸைப் பற்றித் தமிழில் நாம் ஓரளவு படித்துவிட்டோம். ஹஜ்ஜுக்குப் போய் மனம் மாறியவர், மேடை ஏறிய இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர் என்ற இரண்டு செய்திகளும் நம் ஜும்ஆ உரைகளில்கூட வந்துவிட்டன. பிள்ளைகள் அவருடைய படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னதாக ஏதோ ஒரு வாக்கியம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை அவர் எங்கே சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார், யார் குறித்து வைத்தார்கள் என்று கேட்டால், அனுப்பியவருக்கும் தெரியாது, அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது.

மத்ரஸாவில் ஹதீஸ் கிதாபுகளை ஓதி வந்த நமக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. ஒரு செய்தியைக் கேட்டால் அதன் சனது எங்கே என்று கேட்கப் பழக்கப்பட்டவர்கள் நாம். யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் நம்பகமானவரா, இருவரும் சந்தித்திருக்க வாய்ப்பு உண்டா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்த சமுதாயம் இது. பிறகு கல்லூரியில் வரலாறு படித்தபோது, ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர்களும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று அறிந்தோம். ஒரு காகிதம் எழுதியவர் கையிலிருந்து இன்று இருக்கும் இடம் வரை யார் யார் கை மாறி வந்தது என்பதை அவர்கள் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கண்ணி அறுந்துவிட்டால் காகிதத்தின் மதிப்பும் பாதியாகிவிடுகிறது.

மால்கம் எக்ஸின் காகிதங்களுக்கு அந்தக் கண்ணி ஒருமுறை அறுந்தே போயிருந்தது. அவருடைய வாழ்க்கையை அந்தக் காகிதங்களின் வழியாகவே இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

அவர் 1925 மே 19 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரில் பிறந்தார். பெயர் மால்கம் லிட்டில். தந்தை ஏர்ல் லிட்டில் பாப்டிஸ்ட் போதகர். கறுப்பின மக்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்று முழங்கிய மார்கஸ் கார்வியின் இயக்கத்தில் ஊக்கமாக உழைத்தவர். தாய் லூயிஸ், கரீபியன் கடலில் உள்ள கிரனடா தீவில் பிறந்தவர். கார்வி இயக்கத்தின் பத்திரிகைக்குச் செய்திகள் எழுதி அனுப்பியவர். ஆக, எழுத்து அந்த வீட்டுக்குத் தாய்வழியே வந்தது என்று சொல்லலாம்.

அந்த வீடு நிலைக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங்கில் அவர்கள் குடியிருந்த வீடு 1929இல் எரிந்தது. 1931இல் தந்தை டிராம் வண்டிச் சக்கரத்தில் நசுங்கி இறந்தார். அது விபத்து என்றார்கள் அதிகாரிகள். குடும்பத்தார் கடைசி வரை அதை நம்பவில்லை. பிள்ளைகளைத் தனியாக வளர்க்கப் போராடிய தாய் மனம் உடைந்து, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக்குப் போனார்கள். பாஸ்டனிலும் ஹார்லெமிலும் சூதாட்டம், போதைப்பொருள், திருட்டு என்று திரிந்த மால்கம் 1946இல் சிறைக்குப் போனார். அப்போது வயது 20.

சிறையில் அவர் ஓர் அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் பார்த்து எழுதத் தொடங்கினார். வார்த்தைகள் தெரியாமல் கடிதம் எழுத முடியவில்லை என்ற வெட்கம்தான் காரணம். விளக்கணைத்த பிறகும் தாழ்வாரத்திலிருந்து கசியும் வெளிச்சத்தில் படித்துப் படித்துக் கண்பார்வை கெட்டது. அவர் அணிந்திருந்த அந்தக் கண்ணாடிக்குக் கதை இதுதான். சிறையிலிருந்து அவர் நிறையக் கடிதங்கள் எழுதினார். இன்று காப்பகத்தில் இருக்கும் தொகுப்பு 1948இலிருந்து தொடங்குகிறது. அதாவது சிறை நாட்களிலிருந்து.

அவருடைய உடன்பிறந்தார் அவரை நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற அமைப்புக்கு அழைத்தது அந்தக் காலத்தில்தான். இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெயரில் இஸ்லாம் இருந்ததே தவிர, அந்த அமைப்பின் அன்றைய கொள்கை நம் அகீதாவுக்கு முற்றிலும் வெளியே இருந்தது. அதன் நிறுவனர் மனித உருவில் வந்த இறைவன் என்றும், தலைவர் எலிஜா முஹம்மது இறைத்தூதர் என்றும், வெள்ளையர் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்றும் போதித்தார்கள். நம் பேச்சாளர்களில் சிலர் இந்தப் பகுதியை மெல்லத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அப்படித் தாண்டினால் பின்னால் வரும் ஹஜ் எவ்வளவு பெரிய திருப்பம் என்பதே பிள்ளைகளுக்குப் புரியாமல் போகிறது. அதே நேரம், மது, போதை, பன்றி இறைச்சி, சூது ஆகியவற்றிலிருந்து அந்த அமைப்பு அவரை வெளியே கொண்டுவந்தது என்பதும் உண்மை.

லிட்டில் என்ற பெயர் முன்னோரை அடிமையாக வைத்திருந்தவர்கள் கொடுத்தது என்று அதைக் கழற்றிவிட்டு எக்ஸ் என்று போட்டுக்கொண்டார். தெரியாத எண்ணுக்குக் கணக்கில் போடும் அதே எழுத்து. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களும் மார்க்கக் கல்வி கற்றவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். உமர் இப்னு சயீத் என்ற அத்தகைய அடிமை 1831இல் அரபியில் எழுதிய தன்வரலாற்றுச் சுவடியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கி, 2019இல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அரபி படிக்கத் தெரிந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அதை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

1952இல் மால்கம் விடுதலையானார். 1954இல் ஹார்லெம் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த அமைப்பின் குரலே அவர்தான் என்றானது. ஓயாத பயணம், வானொலி உரை, பல்கலைக்கழக விவாதம். 1958இல் செவிலியர் பயிற்சி முடித்திருந்த பெட்டியை மணந்தார். வரிசையாகப் பெண் குழந்தைகள்.

இதே ஆண்டுகளில் அவருக்குத் தெரியாமல் இன்னொரு கோப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. 1950இல், கொரியப் போரை எதிர்த்துச் சிறையிலிருந்து அதிபர் ட்ரூமனுக்கு அவர் கடிதம் எழுதினார். அதன் பிறகு எஃப்.பி.ஐ. உளவுத்துறை அவரைக் கவனிக்கத் தொடங்கியது. அவர் எந்த ஊரில் இறங்கினார், யாருடன் பேசினார், கூட்டத்தில் எத்தனை பேர் என்று ஆள் வைத்துக் குறித்தார்கள். அவர் இறக்கும்வரை அது நிற்கவில்லை. பல்லாயிரம் பக்கங்கள். அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி இன்று எஃப்.பி.ஐ.யின் இணையதளத்திலேயே இருக்கிறது. யாரும் பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம். பெயர்கள் மட்டும் ஆங்காங்கே கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உளவாளி குறித்து வைத்ததால் மட்டுமே நமக்குக் கிடைத்த சில உரைகளின் சாரம் அந்தக் கோப்பில் இருக்கிறது. ஆனால் பகைவனுக்காகக் கூலி வாங்கிக் குறித்தவன் எதைச் சேர்த்தான், எதை விட்டான் என்று யாருக்குத் தெரியும்? நம் முஹத்திஸ்கள் ராவிகளை எடைபோட்ட ஜர்ஹ் வதஃதீல் கலை இங்கே மிகவும் பொருந்தும். அத்தகைய எழுத்தைத் தள்ளவும் முடியாது, தனியே நம்பவும் முடியாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரே எழுதியது வேண்டும்.

1963 டிசம்பரில் அதிபர் கென்னடியின் கொலையைப் பற்றி மால்கம் சொன்ன ஒரு கருத்துக்காக எலிஜா முஹம்மது அவரைப் பேசக்கூடாது என்று தடுத்தார். தலைவரின் தனி வாழ்க்கை பற்றிய உண்மைகள் தெரியவந்ததால் மால்கமின் மனம் அதற்கு முன்பே உடைந்திருந்தது. 1964 மார்ச்சில் வெளியேறினார். அப்போது நியூயார்க்கில் இருந்த எகிப்திய அறிஞர் டாக்டர் மஹ்மூத் ஷவார்பி அவருக்கு உண்மையான இஸ்லாத்தை எடுத்துச் சொன்னார். ஹஜ் விசாவுக்கும் உதவினார். அடுத்த மாதமே மால்கம் புறப்பட்டார்.

ஜித்தாவில் இறங்கியதும் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இவர் முஸ்லிம்தானா என்று ஹஜ் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். விமான நிலையத்தை ஒட்டிய யாத்ரீகர் விடுதியில் காத்திருந்தார். முஸ்லிம்களின் தலைவர் என்று அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவருக்குத் தொழுகையின் அமர்வும் சுஜூதும் சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கால்விரலை மடித்து அமரத் தெரியாமல் வலியில் துடித்ததை அவர் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 38 வயது மனிதர், உலகப் பத்திரிகைகள் தேடும் ஒருவர், மக்தபுக்கு முதல் நாள் வந்த பிள்ளையைப்போல உட்கார்ந்து கற்றார். நமக்கு அவருடைய பெரிய உரைகள் எல்லாவற்றையும்விட இந்த இடம்தான் மனதில் தங்கியிருக்கிறது.

ஷவார்பி கொடுத்தனுப்பிய தொலைபேசி எண் நினைவுக்கு வந்தது. டாக்டர் உமர் அஸ்ஸாம் ஓடிவந்து அழைத்துச் சென்றார். அரபு லீகின் முதல் பொதுச்செயலாளரான அவருடைய தந்தை அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம், ஹோட்டலில் தமக்கான அறைகளையே விட்டுக்கொடுத்தார். அமெரிக்காவில் இருந்திருந்தால் வெள்ளையர் என்று அழைக்கப்படும் நிறமுடைய ஒருவர், கைம்மாறு எதுவும் எதிர்பார்க்காமல் தம் படுக்கையைத் தருகிறார். அந்த இரவு அவருக்கு உறக்கம் எளிதாக வரவில்லை. பிறகு அனுமதி கிடைத்தது. இளவரசர் ஃபைஸல் அவரை அரசு விருந்தினராக ஏற்றார். ஹிஜ்ரி 1383ஆம் ஆண்டின் ஹஜ்ஜை அவர் நிறைவேற்றினார். மக்காவிலிருந்து எழுதிய கடிதங்களில், எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்பதையும் ஒரே விரிப்பில் உறங்குவதையும் கண்டதால் தம் பழைய எண்ணங்கள் பலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று எழுதினார். எல்-ஹஜ் மாலிக் எல்-ஷபாஸ் என்று கையெழுத்திட்டார்.

அந்தப் பயணம் முழுவதும் அவர் டைரி எழுதினார். ஜூலையில் மீண்டும் கிளம்பி நவம்பர் வரை ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் சுற்றியபோதும் எழுதினார். விமான நேரம், சந்தித்தவர் பெயர், உணவு, தனிமை, இடையிடையே ஒரு யோசனை என்று நாளுக்கு நாள் குறித்தவை. தன்வரலாற்று நூலில் இந்த இரண்டாம் பயணத்துக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஆகவே நூலை மட்டும் படித்தவர்களில் பலருக்கு அவர் 1964 செப்டம்பரில் காஸாவுக்குப் போனது தெரியாது. கான் யூனிஸ் அகதி முகாமைப் பார்த்தார். கவிஞர் ஹாரூன் ஹாஷிம் ரஷீதைச் சந்தித்தார். 1956இல் கான் யூனிஸில் நடந்த படுகொலையில் தாம் உயிர் பிழைத்ததை அந்தக் கவிஞர் அவரிடம் விவரித்தார். டைரி இருப்பதால் இது தேதியோடு தெரிகிறது. அந்த மாதமே கெய்ரோவின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஜியோனிசம் பற்றி அவர் கட்டுரையும் எழுதினார். இன்று காஸாவைப் பற்றி அவர் சொன்னதாக எது வேண்டுமானாலும் உலவும் நிலையில், உண்மையில் அவர் பார்த்ததும் எழுதியதும் அந்த நோட்டுகளில் இருக்கிறது.

வெறும் உணர்ச்சியோடு அவர் நாடு திரும்பவில்லை. அமெரிக்க இளைஞர்கள் மார்க்கம் கற்க அல்-அஸ்ஹரில் 20 இடங்களும் மதீனா பல்கலைக்கழகத்தில் 15 இடங்களும் உதவித்தொகையோடு பெற்றுவந்தார். அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்த அவருக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

1965 பிப்ரவரி 14 அதிகாலையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த அவருடைய வீட்டின்மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. மனைவியையும் நான்கு பெண் குழந்தைகளையும் பனியில் வெளியே இழுத்து வந்து காப்பாற்றினார். அன்றே டெட்ராய்ட் போய்ப் பேசினார். அந்தக் கூட்டத்தில் ரோசா பார்க்ஸ் அம்மையாரும் இருந்தார். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்க மறுத்ததால் அறியப்பட்ட அதே ரோசா பார்க்ஸ். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21 ஞாயிற்றுக்கிழமை, ஆடுபன் அரங்கில் பேச எழுந்தவரை மனைவி மக்களின் கண்முன்னே சுட்டுக் கொன்றார்கள். வயது 39. ஷைக் அஹ்மத் ஹஸ்ஸூன் அவரைக் குளிப்பாட்டி இஸ்லாமிய முறையில் கஃபனிட்டார். தன்வரலாற்று நூல் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. ஒப்பந்தம் போட்டிருந்த பதிப்பகம் பயந்து விலகிவிட, வேறொரு பதிப்பகம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெளியிட்டது.

எஞ்சிய காகிதங்கள் அனைத்தும் பெட்டி ஷபாஸ் அம்மையாரின் பொறுப்பில் வந்தன. அப்போது அவர் கருவுற்றிருந்தார். அந்த ஆண்டே இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஆறு பெண்களை வளர்த்தார், ஹஜ் செய்தார், முனைவர் பட்டம் பெற்றார், கல்லூரியில் பணியாற்றினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணவரின் எழுத்து அவர் காவலில் இருந்தது. கலீஃபா அபூபக்ர் (ரலி) காலத்தில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பேரீச்ச மட்டைகளிலிருந்தும் தோல்களிலிருந்தும் மனித நெஞ்சங்களிலிருந்தும் திரட்டிய குர்ஆன் ஏடுகள் பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் பாதுகாக்கப்பட்டதை நாம் அறிவோம். ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை, இறைவேதம் எங்கே, ஒரு மனிதரின் டைரி எங்கே. எழுத்தைக் காப்பது பெண்கள் கையில் அமானிதமாக இருந்த மரபு நம்முடையது என்பதற்காகச் சொல்கிறோம்.

அம்மையார் 1997 ஜூனில் தீக்காயங்களால் இறந்தார். அதன் பிறகுதான் கண்ணி அறுந்தது. காகிதங்கள் ஃபுளோரிடாவில் ஒரு வாடகைக் கிடங்கில் வைக்கப்பட்டன. வாடகை பாக்கி விழுந்தது. பாக்கிக்காகக் கிடங்கில் இருந்ததை எல்லாம் விற்கும் உரிமை அங்கே கிடங்குக்காரருக்கு உண்டு. விற்றார்கள். யாரோ ஒருவர் வாங்கினார். சில நூறு டாலர் வாடகைக்காக, அரஃபாவில் நின்று திரும்பியவரின் கையெழுத்து கைமாறியது. 2002 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் பட்டர்ஃபீல்ட்ஸ் ஏல நிறுவனம் அவற்றை ஏலத்துக்கு அறிவித்தது. டைரிகள், கடிதங்கள், கையால் எழுதிய உரைக் குறிப்புகள், புகைப்படங்கள். ஏலத்தில் மொத்தமாக ஒருவர் எடுக்க மாட்டார். டைரி ஒருவருக்கு, கடிதம் இன்னொருவருக்கு என்று சிதறி, பணக்காரர்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போயிருக்கும்.

அறிவிப்பைப் பார்த்தவர்கள் பதறினார்கள். ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் ஆய்வு மையத்தின் அன்றைய தலைவர் ஹோவர்ட் டாட்சனும் வரலாற்றாசிரியர்களும் குரல் எழுப்பினார்கள். குடும்பத்தார் சட்டத்தை நாடினார்கள். ஏலம் நிறுத்தப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு காகிதங்கள் குடும்பத்திடம் திரும்பின. 75 ஆண்டுகளுக்கு ஷோம்பர்க் மையத்தில் வைப்பதென்று ஒப்பந்தமாகி, 2003 தொடக்கத்தில் செய்தி வெளியானது. சொத்து குடும்பத்துடையது, காவல் நூலகத்துடையது. ஃபிக்ஹு கிதாபுகளில் வதீஆ என்ற பாடத்தில் நாம் ஓதுவதற்கு மிக நெருக்கமான ஏற்பாடு. 2005 மே 19 அன்று, அவருடைய எண்பதாம் பிறந்தநாளில், அந்தக் காகிதங்களை வைத்துக் கண்காட்சி திறந்தார்கள்.

கையெழுத்துக்குச் சந்தை விலை இருக்கும்வரை இந்த ஆபத்து தீராது. தன்வரலாற்றிலிருந்து விடப்பட்ட ஓர் அத்தியாயம் பல ஆண்டுகள் தனியார் கையில் கிடந்தது. 2018இல் அதுவும் ஏலத்துக்கு வந்தது. இந்த முறை ஷோம்பர்க் மையமே 7,000 டாலருக்கு எடுத்தது. நூலின் கைப்பிரதியையும் சேர்த்து வாங்கியது. அதில் மால்கமும் எழுத உதவிய அலெக்ஸ் ஹேலியும் ஓரத்தில் வாதாடிக்கொண்ட குறிப்புகள் இருக்கின்றன. அச்சு நூலில் அந்த வாதம் தெரியாது.

காகிதங்கள் பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே வழக்கில் இன்னொரு சான்று இருக்கிறது. கொலைக்காக மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மற்ற இருவருக்கும் சம்பந்தமில்லை என்று வழக்கு விசாரணையிலேயே சொன்னார். கேட்பாரில்லை. முஹம்மது அஸீஸ், கலீல் இஸ்லாம் ஆகிய அந்த இருவரும் இருபது ஆண்டுகள் சிறையில் கழித்து 1980களில் வெளியே வந்தார்கள். கலீல் 2009இல் மௌத்தானார். 2021 நவம்பரில்தான் நியூயார்க் நீதிமன்றம் இருவருடைய தண்டனையையும் ரத்து செய்தது. எஃப்.பி.ஐ.யும் நகரக் காவல்துறையும் இவர்களுக்குச் சாதகமான ஆவணங்களை அன்றே கையில் வைத்துக்கொண்டு வெளியிடாமல் மறைத்திருந்தது தெரியவந்தது. நகரமும் மாநிலமும் சேர்ந்து 3 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டன. கப்ரில் இருப்பவருக்குப் பணம் என்ன செய்யும்? ஆவணம் வெறும் நினைவுப்பொருள் என்று நினைப்பவர்கள் கலீல் இஸ்லாமின் குடும்பத்தாரை நினைத்துப் பார்க்கட்டும்.

இணையத்தில் வெளியிடுவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். படம் பிடித்து ஏற்றினால் முடிந்ததா என்ன? ஒவ்வொரு தாளையும் ஒளி வருடியில் எடுக்க வேண்டும். எழுதியவர், பெற்றவர், தேதி, ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத வேண்டும். இல்லையென்றால் தேடுபவருக்குக் கிடைக்காது. அச்செழுத்தை இயந்திரம் படித்துவிடும். ஓடும் விமானத்தில் கிறுக்கிய கையெழுத்தை மனிதர்தான் உட்கார்ந்து படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ரோசா பார்க்ஸின் காகிதங்களும் குடும்ப வழக்கில் சிக்கி ஏல நிறுவனத்தின் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவைதான். 2014இல் ஓர் அறக்கட்டளை 45 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடம் தந்தது. 2016இல் ஏறத்தாழ 7,500 கையெழுத்து ஆவணங்களும் 2,500 புகைப்படங்களும் இணையத்தில் திறக்கப்பட்டன. அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யும் வேலையில் பொதுமக்களும் தன்னார்வமாகச் சேர்ந்தார்கள். கறுப்பின அறிஞர் டூ போயிஸின் காகிதங்களையும், ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளை, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. மால்கம் 1964இல் கானாவில் சந்தித்த ஷெர்லி கிரஹாம் டூ போயிஸ் அந்த அறிஞரின் மனைவி; காகிதங்களை அந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தவரும் அவரே.

மால்கமின் தொகுப்பு அந்த நிலைக்கு வரவில்லை. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் இணையத்தில் உண்டு. காகிதங்களை நுண்படச் சுருளாக எடுத்திருக்கிறார்கள். படிக்க விரும்புகிறவர் ஹார்லெமுக்குப் போக வேண்டும். மேனிங் மாரபிள் என்ற பேராசிரியர் அந்தக் காகிதங்களையும் எஃப்.பி.ஐ. கோப்புகளையும் வைத்து எழுதிய பெரிய வரலாறு 2011இல் வெளியாகி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது; அதை ஏற்காமல் எழுதியவர்களும் உண்டு. பயண டைரி மட்டும் 2013இல் மகள்களில் ஒருவரின் பங்களிப்போடு சிகாகோவிலிருந்து நூலாக வந்தது. அதற்கும் வாரிசுச் சொத்து நிர்வாகத்துக்கும் வழக்கு நடந்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அவருடைய வெளிவராத எழுத்தின் உரிமை வாரிசுகளுக்கே. மால்கமுக்கு அந்தக் கெடு 2035 முடிவில் தீர்கிறது.

குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. தகப்பனைக் கண்முன்னே இழந்த பிள்ளைகள் அவர்கள். அவருடைய பெயரை வைத்துத் தொப்பியும் சட்டையும் விற்றுப் பிறர் சம்பாதித்ததைப் பார்த்தவர்கள். தகப்பனின் அந்தரங்கக் குறிப்புகளை உலகத்தின் முன் விரித்து வைக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இறந்தவரின் குறைகளைத் துருவக்கூடாது என்று நாமும் சொல்கிறவர்கள்தான். ஆனாலும் உளவுத்துறை அவரைப் பற்றி எழுதியது காயல்பட்டினத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் நொடியில் திறக்கிறது. ஹஜ் நாட்களில் அவர் தம் கையால் எழுதிய மூலத்தைப் பார்க்க அமெரிக்க விசா வேண்டியிருக்கிறது. வாரிசுகளின் சம்மதத்தோடும், வெளியிடக்கூடாத பக்கங்களை ஒதுக்கியும், அந்த நான்கு பயண நோட்டுகளையாவது முதலில் திறக்கலாம் என்பது நம் கருத்து. 2035 வரை காத்திருந்தால், அவரை நேரில் பார்த்து, ஒரு பெயரையோ ஊரையோ அடையாளம் காட்டக்கூடிய கடைசி மனிதர்களும் போய்விடுவார்கள்.

இப்போதைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது சிறியது. கைப்பேசிக்கு வரும் மால்கம் வாக்கியத்தை அனுப்புவதற்கு முன், அது எந்த உரை, எந்தத் தேதி என்று ஒரு வரி கேளுங்கள். அவருடைய உரைகள் பலவற்றின் ஒலிப்பதிவு கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். கல்லூரியில் வரலாறு படிக்கும் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால், எஃப்.பி.ஐ. கோப்பின் ஒரு பக்கத்தையும், அச்சில் வந்த டைரியில் அதே வாரத்தின் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நியூயார்க் போனால் ஹார்லெமுக்கும் ஒரு நடை போய்வரலாம். 135ஆம் தெருவின் முனையில் இருக்கிறது ஷோம்பர்க் மையம். அது நிற்கும் சாலைக்கு இன்று மால்கம் எக்ஸ் பூல்வார்டு என்று பெயர்.